ஆளை எடைபோடும் வினாப்பட்டியல்: ஆளுமைப் பண்புகளும் பணித்திறனும்

'பெர்சொனெல் சைக்காலஜி' என்ற அமெரிக்க ஆய்விதழில் 1965ஆம் ஆண்டு ராபர்ட் கையன், ரிச்சர்ட் காட்டியர் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆளுமைத் தேர்வு வைப்பதால் பலன் உண்டா என்பதே அவர்களுடைய கேள்வி. முந்தைய 12 ஆண்டுகளில் முன்னணி இதழ்கள் இரண்டில் வெளிவந்த ஆய்வுகளை அலசிப் பார்த்துவிட்டு, இந்தத் தேர்வுகளை நம்பி ஒருவருக்கு வேலை கொடுக்கவோ மறுக்கவோ போதுமான ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அடுத்த கால் நூற்றாண்டுக்கு அந்தத் தீர்ப்பே செல்லுபடியானது.

1991இல் அதே இதழில், அயோவா பல்கலைக்கழகத்தின் மரே பாரிக், மைக்கேல் மவுண்ட் இருவரும் கிட்டத்தட்ட நேரெதிரான முடிவை வெளியிட்டார்கள். காவலர், மேலாளர், விற்பனையாளர் என எந்தத் தொழிலை எடுத்தாலும், ஒரு பண்பு மட்டும் விடாமல் பணித்திறனோடு சேர்ந்தே வருகிறது என்றார்கள். இன்றுவரை தொழில்சார் உளவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. உலகெங்கும் நிறுவனங்கள் வேலை தேடி வருபவர்களிடம் நீட்டும் ஆளுமை வினாப்பட்டியல்களுக்குப் பின்னால் இருக்கும் துணிச்சலில் பெரும்பங்கை அந்தக் கட்டுரைதான் கொடுத்தது.

இந்த இருபத்தாறு ஆண்டுகளில் மனித குணம் மாறிவிடவில்லை. குணங்களை வகைப்படுத்தும் முறை மாறியது. சிறுசிறு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறையும் மாறியது. அதன் பிறகு வந்த முப்பது ஆண்டு ஆய்வுகளைக் கோத்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படுகிறது. பண்பு ஆளிடம் இருக்கிறது. பணித்திறனோ ஆளும் வேலையும் சந்திக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. வேலையைச் சரியாக அறியாதவர் கையில் ஆளைப் பற்றிய எந்த அளவீடும் பெரிதாகப் பயன்படாது.

ஐந்து பண்புகள் வந்த வழி

குணத்தை வினாப்பட்டியலால் அளக்கும் முயற்சி போர்க்களத்துக்காகத் தொடங்கியது. முதல் உலகப்போரில் குண்டு வெடிப்புகளுக்கு நடுவே மனம் உடைந்துபோன வீரர்கள் ஏராளம். அப்படி உடையக்கூடியவர்களை முன்கூட்டியே இனங்காண வேண்டும் என்று அமெரிக்க இராணுவம் நினைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வுட்வொர்த், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடை சொல்லக்கூடிய 116 கேள்விகளைத் தயாரித்தார். அது முழுப் பயன்பாட்டுக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனால் கேள்வித்தாளைக் கொடுத்து மனதை அளக்கலாம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

எதை அளப்பது என்பதில்தான் குழப்பம். 1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஒட்பெர்ட்டும் ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மனிதர்களை வேறுபடுத்திக் காட்டும் சொற்களாக 17,953ஐத் திரட்டினார்கள். அவற்றில் நிலையான குணங்களைக் குறிப்பவை மட்டுமே சுமார் 4,500. ரேமண்ட் காட்டெல் இந்தக் குவியலைச் சலித்துச் சலித்து 16 காரணிகளுக்குக் கொண்டுவந்தார். 1949இல் அவருடைய வினாப்பட்டியல் வெளியானது.

1961இல் எர்னஸ்ட் டூப்ஸ், ரேமண்ட் கிறிஸ்டல் என்ற இரு அமெரிக்க விமானப்படை உளவியலாளர்கள், ஒருவரை மற்றவர்கள் மதிப்பிட்ட தரவுகளை எட்டுக் குழுக்களில் திரட்டி ஆராய்ந்தார்கள். எந்தக் குழுவை எடுத்தாலும் ஐந்து காரணிகளே திரும்பத் திரும்பத் தலைகாட்டின. விமானப்படையின் தொழில்நுட்ப அறிக்கையாக அச்சான அந்த ஆய்வு பல ஆண்டுகள் வெளியில் பெரிதாகப் பேசப்படவில்லை. வாரன் நார்மன் 1963இல் அதை உறுதிப்படுத்தினார். லூயிஸ் கோல்ட்பெர்க் 1981இல் அவற்றுக்குப் 'பெரும் ஐந்து' என்ற பெயரைச் சூட்டினார். பால் கோஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் உருவாக்கிய 240 கேள்விகள் கொண்ட பட்டியல் 1992இல் வந்த பிறகு, ஐந்து பண்புகளும் ஆய்வாளர்களின் பொதுமொழியாகிவிட்டன.

அந்த ஐந்தும் இவை: எடுத்த காரியத்தை ஒழுங்கோடும் விடாப்பிடியோடும் முடிக்கும் பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகுவதிலும் முன்னால் நிற்பதிலும் தெம்பு பெறும் புறமுகத்தன்மை, பிறரை நம்பி, விட்டுக்கொடுத்துப் போகும் இணக்கம், பதற்றமும் கவலையும் எளிதில் ஆட்டிவைக்காத மனச்சமநிலை, புதிய கருத்தையும் அனுபவத்தையும் தேடும் புதுமை நாட்டம். ஒருவரை இந்த ஐந்தில் ஏதோ ஒரு பெட்டிக்குள் போட்டுவிட முடியாது. ஒவ்வொரு பண்பிலும் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு உண்டு. பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருப்பார்கள்.

கையனும் காட்டியரும் படித்த ஆய்வுகளில் இந்த ஒழுங்கு இல்லை. ஒருவர் 'ஆதிக்க மனப்பான்மை'யை அளந்தார், இன்னொருவர் 'ஆண்மைத்தன்மை'யை அளந்தார், மூன்றாமவர் தாமே புனைந்த ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுப் பார்த்தபோது தெளிவான முடிவு எதுவும் மிஞ்சவில்லை. 1968இல் வால்டர் மிஷெல் எழுதிய நூலும் அடிமேல் அடியாக வந்து விழுந்தது. மனிதர்கள் சூழலுக்கேற்ப நடந்துகொள்கிறார்கள், பண்பை வைத்து நடத்தையைக் கணித்தால், இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.30ஐத் தாண்டுவது அரிது என்று அவர் வாதிட்டார்.

சிதறிய ஆய்வுகள் ஒன்றுசேர்ந்தபோது

தனித்தனி ஆய்வுகளின் பெரிய குறை அவற்றின் சிறிய அளவு. எழுபது பேரை வைத்து ஒரு நிறுவனத்தில் செய்த ஆய்வு ஒன்றைச் சொல்லும். எண்பது பேரை வைத்துப் பக்கத்து நிறுவனத்தில் செய்தது வேறொன்றைச் சொல்லும். இதைப் பார்த்தவர்கள், ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு விதி என்று நினைத்துக்கொண்டார்கள். 1977இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் அந்த எண்ணத்தை அசைத்தார்கள். முடிவுகள் சிதறிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் மாதிரி சிறிதாக இருப்பதும் அளவீட்டில் உள்ள பிழையுமே என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிழைகளைக் கழித்துப் பார்க்கும் மீப்பகுப்பாய்வு இப்படித்தான் இத்துறைக்குள் வந்தது.

பாரிக்கும் மவுண்ட்டும் 117 ஆய்வுகளிலிருந்து 23,994 பேரின் தரவைத் திரட்டினார்கள். வெவ்வேறு பெயரில் அளக்கப்பட்ட குணங்களை எல்லாம் பெரும் ஐந்தின் கீழ் வகைப்படுத்தினார்கள். பொறுப்புணர்வுக்கும் பணித்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு, பிழை திருத்தத்துக்குப் பிறகு, ஐந்து தொழில் பிரிவுகளிலும் 0.20க்கும் 0.23க்கும் இடையில் வந்தது. புறமுகத்தன்மை மேலாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் கொஞ்சம் உதவியது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பணிப்பயிற்சியில் யார் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் புறமுகத்தன்மையும் புதுமை நாட்டமும் முன்னுக்கு வந்தன. இணக்கத்துக்கும் மனச்சமநிலைக்கும் எண்கள் சிறியவை.

"பொறுப்பான பையன் சார், நம்பி எடுத்துக்கலாம்" என்பது நம் ஊரில் வேலைக்குச் சிபாரிசு செய்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வாசகம். அதே பண்பைத்தான் 117 ஆய்வுகளும் கடைசியில் சுட்டின. சிபாரிசுக்காரருக்கும் ஆய்வாளருக்கும் வித்தியாசம் ஒன்றே: அந்தப் பண்புக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதற்கு ஆய்வாளரிடம் ஓர் எண் இருக்கிறது.

0.22 என்றால் எவ்வளவு?

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இந்த எண்தான். 0.22 என்பதை 22 விழுக்காடு என்று படிப்பது தவறு. பணித்திறனில் மனிதர்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைத்தான் பொறுப்புணர்வு விளக்குகிறது. இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ஒரு பெரிய குழுவில் பொறுப்புணர்வில் மேல்பாதியில் இருக்கும் 100 பேரை எடுத்தால், பணித்திறனிலும் மேல்பாதிக்கு வருபவர்கள் சுமார் 57 பேர். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே 50 பேர் வருவார்கள். ஆக, தேர்வின் பலன் 100க்கு ஏழு பேர்.

இதை வைத்துக்கொண்டு தனி ஒருவரின் தலையெழுத்தை எழுதிவிட முடியாது. மேல்பாதியில் எடுத்த அந்த 100 பேரில் 43 பேர் எதிர்பார்ப்புக்குக் கீழேயே போவார்கள். தள்ளிவிட்ட கீழ்பாதியிலோ 43 நல்ல ஊழியர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கோ இராணுவத்துக்கோ அந்த ஏழு பேர் பெரிய இலாபம். மருத்துவத்தில் இதைவிட மிகச் சிறிய ஒட்டுறவுகளைக்கூட யாரும் அலட்சியம் செய்வதில்லை. சுமார் 22,000 அமெரிக்க மருத்துவர்களை வைத்து நடந்து 1988இல் முடிவு வெளியான ஆய்வில் ஆஸ்பிரினுக்கும் மாரடைப்புத் தடுப்புக்கும் இருந்த ஒட்டுறவு 0.03 அளவில்தான் இருந்தது. ஆனாலும் அந்த மாத்திரைக்கு மாரடைப்பைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. சிறிய எண் கூட்டத்துக்குப் பயன்படும். தனி ஆளைப் பற்றி அது சொல்வது கொஞ்சமே.

1998இல் ஷ்மிட்டும் ஹண்டரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் அறிவாற்றல் தேர்வுக்கு 0.51, பொறுப்புணர்வுக்கு 0.31, கையெழுத்தைப் பார்த்துக் கணிப்பதற்கு 0.02. கால் நூற்றாண்டாக மனிதவளத் துறையினர் இந்தப் பட்டியலையே வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2022இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அதில் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். வேலையில் சேர்ந்தவர்களை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வில், தள்ளப்பட்டவர்கள் கணக்கில் வருவதில்லை; அதனால் ஒட்டுறவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும் என்று முந்தைய ஆய்வாளர்கள் எண்களை உயர்த்தியிருந்தார்கள். அந்தத் திருத்தத்தைப் பொருந்தாத இடங்களிலும் செய்திருக்கிறார்கள் என்று சாக்கெட் குழு காட்டியது. புதிய கணக்கில் அறிவாற்றல் தேர்வு 0.31க்கும் பொறுப்புணர்வு 0.19க்கும் இறங்கின. கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு நடத்தும் நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்துக்கு வந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்டு நடத்தும் நேர்காணலோ பொறுப்புணர்வு வினாப்பட்டியலுக்குச் சமமாக 0.19இல் நின்றது.

முதலிடத்துக்கு வந்த அந்த நேர்காணல் எதனால் ஆனது என்று பார்த்தால், ஆளும் வேலையும் சந்திக்கும் இடத்தில்தான் பணித்திறன் பிறக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னது வலுப்பெறுகிறது. அதன் கேள்விகள் குறிப்பிட்ட அந்த வேலையை ஆராய்ந்து எடுக்கப்பட்டவை. அந்த வேலையில் நேரக்கூடிய ஒரு நெருக்கடியைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்பவை. வினாப்பட்டியல் ஆளைப் பொதுவாகப் பார்க்கிறது. நல்ல நேர்காணல் ஆளை வேலைக்குள் வைத்துப் பார்க்கிறது.

பணித்திறனை அளப்பது யார்?

ஒட்டுறவுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் பண்பு என்றால் மறுமுனையில் பணித்திறன். பெரும்பாலான ஆய்வுகளில் பணித்திறன் என்பது மேலதிகாரி போட்ட மதிப்பெண்தான். சொக்கலிங்கம் விஸ்வேஸ்வரன், டெனிஸ் ஒன்ஸ், ஷ்மிட் மூவரும் 1996இல் ஒரே ஊழியருக்கு இரண்டு மேலதிகாரிகள் தரும் மதிப்பெண்களை ஒப்பிட்டபோது ஒட்டுறவு 0.52தான் வந்தது. அதாவது, ஒரே ஆளைப் பற்றி இரண்டு அதிகாரிகள் பாதி வழியில்தான் ஒத்துப்போகிறார்கள். அளவுகோலே இப்படி ஆடும்போது, எந்தப் பண்பாலும் அதைத் துல்லியமாகக் கணிக்க முடியாது.

பணித்திறன் ஒரே பொருளும் அல்ல. குறிக்கப்பட்ட வேலையை முடிப்பது ஒன்று. சக ஊழியருக்குக் கைகொடுப்பது, யாரும் சொல்லாமலேயே கூடுதல் பொறுப்பை ஏற்பது இரண்டாவது. திருட்டு, பொய் விடுப்பு, சண்டை போன்ற கேடுகளிலிருந்து விலகி நிற்பது மூன்றாவது. ஆளுமைப் பண்புகளின் பலம் மூன்றாவதில்தான் மிக நன்றாகத் தெரிகிறது. கிறிஸ்டோஃபர் பெர்ரி, ஒன்ஸ், சாக்கெட் மூவரும் 2007இல் வெளியிட்ட மீப்பகுப்பாய்வில், சக ஊழியர்களை இழிவாக நடத்துவதோடு இணக்கத்துக்கு இருந்த ஒட்டுறவு எதிர்த்திசையில் 0.46, நிறுவனத்துக்கு எதிரான முறைகேட்டோடு பொறுப்புணர்வுக்கு இருந்தது எதிர்த்திசையில் 0.42. 1991இல் சிறிய எண்ணோடு பின்னால் நின்ற இணக்கம், கேள்வியை மாற்றியதும் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

பொறுப்புணர்வு எந்த வழியில் பலன் தருகிறது என்பதையும் பாரிக், மவுண்ட், ஜூடி ஸ்ட்ராஸ் மூவரும் 1993இல் ஆராய்ந்தார்கள். வீட்டுச் சாதனங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதிகள் 91 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். பொறுப்புணர்வு மிகுந்தவர்கள், மேலதிகாரி சொல்வதற்கு முன்பே தமக்கென இலக்குகளை வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்ட இலக்கை எளிதில் கைவிடவும் இல்லை. விற்பனை கூடியதில் ஒரு பங்கு இதனால்தான். பண்பு நேரடியாக விற்பனையாக மாறிவிடவில்லை. தினமும் காலையில் இன்று யாரைப் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளும் பழக்கத்தின் வழியாகத்தான் வேலையில் இறங்கியது. இலக்கை வைத்துக்கொள்ளும் சுதந்திரமே இல்லாத வேலையில் அந்தப் பண்பால் என்ன செய்துவிட முடியும்?

வேலை மாறினால் குணத்தின் விலையும் மாறும்

இதே கேள்வியை பாரிக்கும் மவுண்ட்டும் அதே ஆண்டு 146 மேலாளர்களிடம் வைத்துப் பார்த்தார்கள். எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்று தாமே முடிவெடுக்கும் உரிமை கொண்டவர்களிடம் பொறுப்புணர்வும் புறமுகத்தன்மையும் பணித்திறனை நன்றாகக் கணித்தன. ஒவ்வொரு அடியும் விதியால் கட்டப்பட்டவர்களிடம் கணிப்பு வலுவிழந்தது. ஒரு நிமிடத்துக்கு இத்தனை துண்டு என்று இயந்திரமே வேகத்தைத் தீர்மானிக்கும் உற்பத்தி வரிசையில், பொறுப்பானவரும் அலட்சியக்காரரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் செய்து முடிப்பார்கள். மேற்பார்வையாளர் இல்லாத இரவுப் பணியிலும் எட்ட இருக்கும் கிளை அலுவலகத்திலும்தான் வேறுபாடு வெளியே தெரியும்.

பண்புகள் ஒன்றோடொன்று சேரும்போதும் கணக்கு மாறுகிறது. 2002இல் லாரன்ஸ் விட்டும் மற்றவர்களும் ஏழு குழுக்களை ஆராய்ந்தார்கள். பிறரோடு சேர்ந்தே செய்ய வேண்டிய வேலைகளில், பொறுப்புணர்வு அதிகமாகவும் இணக்கம் குறைவாகவும் இருந்தவர்களுக்கு மேலதிகாரிகள் தந்த மதிப்பீடு கீழேயே இருந்தது. தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, மற்ற எல்லோருடைய வேலையிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் அலுவலகப் பேர்வழியை யாரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

விற்பனைக்கு வாயாடிகள்தான் லாயக்கு என்ற நம்பிக்கையை ஆடம் கிராண்ட் 2013இல் சோதித்தார். தொலைபேசி மூலம் விற்பனை செய்யும் 340 பேரின் மூன்று மாத வருவாயைப் பார்த்தார். அகமுகமானவர்களைவிடவும் மிகுந்த புறமுகமானவர்களைவிடவும், நடுவில் இருந்தவர்களே அதிகம் ஈட்டினார்கள். அளவுக்கு மீறிப் பேசுபவர் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதில்லை. துடிப்பு கூடக் கூட அவர்மீது சந்தேகமும் கூடுகிறது என்பது கிராண்ட் தந்த விளக்கம். பொறுப்புணர்வும் மனச்சமநிலையும்கூட ஓர் எல்லைக்கு மேல் கூடுதல் பலன் தருவதில்லை என்று ஹுய் லே குழுவினர் 2011இல் காட்டினார்கள். எளிய வேலைகளில் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடுகிறது. பத்து நிமிட வேலையை மூன்று முறை சரிபார்ப்பவர் கவனமானவர்தான்; ஆனால் வரிசையில் நிற்பவர்கள் காத்துக்கிடக்கிறார்கள்.

காலமும் ஒரு காரணி. இதற்கு மிகச் சிறந்த சான்று பெல்ஜியத்திலிருந்து வந்தது. ஃபிலிப் லீவன்ஸ், ஒன்ஸ், ஸ்டெஃபன் டில்கெர்ட் மூவரும் 1997இல் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 627 மாணவர்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதலாண்டு மதிப்பெண்ணோடு பொறுப்புணர்வுக்கு இருந்த ஒட்டுறவு 0.18, இறுதியாண்டில் அது 0.45ஆக உயர்ந்திருந்தது. புறமுகத்தன்மையின் கதை இன்னும் சுவையானது. வேதியியலும் உடற்கூறியலும் நெட்டுருப் போட வேண்டிய முதலாண்டுகளில் அது மாணவர்களைப் பின்னுக்கு இழுத்தது. நோயாளிகளின் படுக்கையருகே நின்று பேச வேண்டிய கடைசி ஆண்டுகளிலோ அதே பண்பு கைகொடுத்தது. மாணவர்கள் அதே மாணவர்கள்தான். மருத்துவப் படிப்பின் வேலைதான் உருமாறியிருந்தது. முதலாண்டு மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால், நோயாளிகளிடம் நன்றாகப் பேசக்கூடிய மருத்துவர்கள் சிலரைத் தொடக்கத்திலேயே இழந்திருப்போம்.

நடிப்பும் அதற்கு மாற்றும்

'நான் எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்' என்ற வாசகத்துக்கு, வேலை தேடி வந்தவர் 'முற்றிலும் ஒத்துக்கொள்ளவில்லை' என்று பதில் எழுதுவாரா? ஆளுமை வினாப்பட்டியல் மீது எழும் முதல் எதிர்ப்பு இதுதான். வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைவிடத் தம்மைக் கூடுதலாகப் புகழ்ந்து எழுதுகிறார்கள் என்பது திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்டிருக்கிறது. 2007இல் ஃபிரெடெரிக் மோர்கெசன் உள்ளிட்ட ஆறு ஆய்வாளர்கள், எல்லோருமே முன்னணி ஆய்விதழ்களின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர்கள், ஒன்றுகூடி எழுதிய கட்டுரையில் நடிப்பைத் தடுக்க வழியில்லை, கணிப்பும் குறைவு, எனவே இத்தேர்வுகளை நம்பவேண்டாம் என்ற வகையில் எச்சரித்தார்கள். ஒன்ஸ் உள்ளிட்ட மறுதரப்பினர் அதே ஆண்டு பதில் எழுதினார்கள்: நடிப்பு இருந்தும் ஒட்டுறவு முற்றாக அழிந்துவிடவில்லை என்றார்கள்.

விவாதம் ஓயாவிட்டாலும், அளக்கும் முறையில் சில நல்ல மாற்றங்கள் வந்தன. முதலாவது மிக எளியது. கேள்வியில் 'வேலையில்' என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பது. ஜொனாதன் ஷாஃபரும் பென்னட் போஸ்ட்லெத்வெய்ட்டும் 2012இல் ஒப்பிட்டபோது, பொதுவாகக் கேட்ட பொறுப்புணர்வுக் கேள்விகளுக்கு 0.22, வேலையைச் சுட்டிக் கேட்டவற்றுக்கு 0.30 வந்தது. வீட்டில் துணியை மடித்து வைக்காதவர் அலுவலகக் கோப்புகளைப் பளிச்சென்று வைத்திருக்கக்கூடும். இரண்டாவது, ஒருவரைப் பற்றி அவரிடமே கேட்காமல் அவரோடு பழகியவர்களிடம் கேட்பது. இந்த மதிப்பீடுகள் சுயமதிப்பீட்டைவிட நன்றாகக் கணிக்கின்றன என்று 2010க்குப் பிறகு வந்த மீப்பகுப்பாய்வுகள் சொல்கின்றன. மூன்றாவது, ஒரே அளவு நல்லதாகத் தோன்றும் இரண்டு வாசகங்களைக் கொடுத்து, உங்களுக்கு எது அதிகம் பொருந்தும் என்று கேட்பது. அமெரிக்க இராணுவம் பயன்படுத்தும் தேர்வு இவ்வகையானது.

இந்திய ஆயுதப்படைகளின் அதிகாரித் தேர்வு வாரியங்கள் வேறொரு வழியில் போகின்றன. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய இராணுவம் வகுத்த முறையிலிருந்து வந்தது அது. ஐந்து நாட்கள் விண்ணப்பதாரர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து, உளவியலாளர், குழுச் சோதனை அதிகாரி, நேர்காணல் அதிகாரி என்று மூவர் தனித்தனியே பார்க்கிறார்கள். மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வது ஒரு சோதனை. கயிறும் பலகையும் கொடுத்துக் குழுவாகத் தடையைக் கடக்கச் சொல்வது இன்னொன்று. ஒருவர் தம்மைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதோடு நின்றுவிடாமல், நெருக்கடியில் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்கும் ஏற்பாடு இது.

எல்லா ஆளுமைத் தேர்வுகளையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. கேதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய 16 வகைத் தேர்வு நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் மிகப் பிரபலம். மனிதர்களை நான்கெழுத்துப் பெட்டிகளில் அடைக்கும் அந்தத் தேர்வை ஆள் எடுக்கப் பயன்படுத்தக்கூடாது என்று அதை நிர்வகிக்கும் அமைப்பே சொல்கிறது. பட்டறையில் கலகலப்புக்காகச் செய்யும் பயிற்சியைச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் கருவியாக்கினால் பாதிக்கப்படுவது விண்ணப்பதாரர்.

எல்லையும் உரிமையும்

பெரும் ஐந்து எல்லா மனிதருக்கும் பொதுவா? மைக்கேல் குர்வெனும் குழுவினரும் பொலிவியக் காடுகளில் வேட்டையும் சிறு பயிர்த்தொழிலும் செய்து வாழும் சிமானே மக்களில் 632 பேரிடம் வினாப்பட்டியலைப் பயன்படுத்தி, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே ஐந்து வரவில்லை. பிறரோடு இசைந்து வாழ்வது, உழைப்பில் ஊக்கம் என்ற இரண்டே வந்தன. ரஷித் லாஜாஜ் குழுவினர் 2019இல் குறைந்த, நடுத்தர வருமானம் கொண்ட 23 நாடுகளில் 94,751 பேரின் விடைகளை ஆராய்ந்தார்கள். நேரில் சென்று கேட்கும் கணக்கெடுப்புகளில் இந்தக் கேள்விகள் தாம் அளப்பதாகச் சொல்லும் பண்புகளைச் சரிவர அளக்கவில்லை என்று கண்டார்கள். எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று தலையாட்டும் பழக்கம், கேட்பவரின் முன்னிலை, கேள்வியைப் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் எல்லாம் சேர்ந்து விடையைக் குலைத்தன. ஆங்கிலத்தில் எழுதிய பட்டியலைத் தமிழாக்கி ஒரு பின்னலாடைத் தொழிலாளியிடம் நீட்டும்முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சட்டமும் எல்லை வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் டார்கெட் கடைகளின் பாதுகாவலர் வேலைக்கு வந்தவர்களிடம் மத நம்பிக்கை, பாலியல் விருப்பம் பற்றியெல்லாம் கேட்ட உளவியல் தேர்வு தனியுரிமையை மீறுவதாக 1991இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. 2005இல் ரென்ட்-எ-சென்டர் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், மனநோயைக் கண்டறிய உருவான ஒரு வினாப்பட்டியலைப் பதவி உயர்வுக்குப் பயன்படுத்தியது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அது கூடாது என்றது. முதல் வழக்கில் இடறிய இடம், கேட்ட கேள்விக்கும் செய்யவேண்டிய வேலைக்கும் தொடர்பு இல்லாததே.

பண்பு கல்லில் செதுக்கியதும் அல்ல. பிரெண்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2006இல் 92 தொடர் ஆய்வுகளைத் தொகுத்தபோது, இருபதுகளிலிருந்து நடுவயதுவரை பொறுப்புணர்வும் மனச்சமநிலையும் சராசரியாக உயர்ந்துகொண்டே போவதைக் கண்டார்கள். டோகோ நாட்டுத் தலைநகர் லோமேயில் 1,500 சிறு தொழில்முனைவோரை மூன்று பிரிவாக்கி நடந்த சோதனை 2017இல் வெளியானது. கணக்குப்பதிவு, சந்தைப்படுத்தல் போன்ற வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் இலாபம் 11 விழுக்காடு உயர்ந்தது. அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறிய உயர்வு. தானே முந்திக்கொண்டு செயல்படுவது, தடை வந்தால் விடாமல் வழிதேடுவது என்ற மனப்போக்கில் பயிற்சி பெற்றவர்களின் இலாபம் 30 விழுக்காடு உயர்ந்தது. பிறவிக்குணம் என்று நாம் ஒதுக்கிவைக்கும் ஒன்றைக் கொஞ்சமேனும் கற்றுக்கொடுக்க முடிகிறது என்றால், அதைச் சேரும் நாளிலேயே அளந்து வாசலில் நிறுத்திவிடுவது அவசரம்.

இத்தனை ஆய்வுகளிலிருந்தும் ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ளக்கூடியது நேரானது. வினாப்பட்டியலை வாங்கும்முன், அந்த வேலையில் நன்றாகச் செய்பவரும் தடுமாறுபவரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். முடிவெடுக்கும் சுதந்திரம் எவ்வளவு, யாரோடு எவ்வளவு நேரம் சேர்ந்து வேலை, எந்தத் தவறு பெரிய நட்டம் தரும் என்று தெரிந்த பிறகே எந்தப் பண்பைக் கேட்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். வினாப்பட்டியல் மதிப்பெண், வகுத்து நடத்திய நேர்காணலுக்கும் மாதிரி வேலைக்கும் துணையாக நிற்கலாம். தனியாக யாரையும் விலக்கக்கூடாது. மதிப்பிடும் அதிகாரிகள் தங்களுக்குள்ளேயே பாதிதான் ஒத்துப்போகிறார்கள் என்பதால், அந்த மதிப்பீட்டைச் சீர்செய்வதற்கும் அதே அளவு பணம் ஒதுக்க வேண்டும்.

வேலை தேடுபவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஒரு தேர்வு உங்களைத் தள்ளிவிட்டால், உங்கள் குணத்தின் மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டதாக நினைக்கத் தேவையில்லை. மேலே போட்ட கணக்கின்படி, தள்ளப்படும் நூறு பேரில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அந்த வேலையை நன்றாகவே செய்யக்கூடியவர்கள். 1965இன் தீர்ப்பும் 1991இன் தீர்ப்பும் இரண்டுமே ஓரளவு சரி. குணம் வேலையைப் பாதிக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் வேலை இடம்கொடுக்கும் அளவுக்குத்தான். ஆளை மாற்றிப் பார்ப்பதற்கு முன் வேலையை மாற்றிப் பார்ப்பது, அதாவது ஊழியர் தாமே முடிவெடுக்கக் கொஞ்சம் இடம்விட்டுப் பார்ப்பது, பல நிறுவனங்கள் இன்னும் செய்து பார்க்காத சோதனை. அதற்கு வினாப்பட்டியல் எதுவும் வேண்டாம்.